நாலு நிமிட வொய்ஸ் மெசேஜில் வந்த ஓடர்

கேள்வி:

ஐயா, சுன்னாகத்தில் வீட்டிலேயே மிளகாய்த்தூள், அரிசிமா, பருத்தித்துறை வடை செய்து விற்கிறேன். என்னோடு நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். பாதி ஓடர் ஊரில், மீதி கனடா, லண்டன், சுவிஸ். எல்லாம் வட்ஸ்அப்பில்தான். போன மாதம் ரொறன்ரோவில் இருந்து ஓர் அக்கா நாலு நிமிட வொய்ஸ் மெசேஜில் ஓடர் தந்தார். நான் தூள் பதினாலு கிலோ என்று விளங்கிச் செய்துவிட்டேன். அவர் கேட்டது பத்துத்தானாம். நாலு கிலோ அப்படியே கிடக்கிறது. ஓர் அரச அலுவலகம் விலைமனு கேட்டது. எழுதிப் படம் எடுத்து, அங்கே தெரிந்த ஒருவரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பிறகு விசாரித்தால் ‘உங்களிடம் இருந்து ஒன்றும் வரவில்லையே’ என்கிறார்கள். இது போதாதென்று சுவிஸில் இருக்கிற அண்ணாவோடு வேலி விசயத்தில் மெசேஜிலேயே சண்டை வந்து இரண்டு கிழமையாகப் பேச்சில்லை. கோல், எஸ்எம்எஸ், வட்ஸ்அப், ஈமெயில் என்று இவ்வளவு இருக்க, எதை எதற்குப் பாவிப்பது?

– ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூளில் இருந்தே தொடங்குவோம். காசு போனது அங்கேதான்.

அந்த வொய்ஸ் மெசேஜை நான் கேட்கவில்லை. ஆனாலும் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. முதலில் சுகம் விசாரிப்பு, பிறகு அங்கத்தைய குளிர். “தங்கச்சி, தூள் ஒரு பத்துக் கிலோ போடுங்கோ... பொறுங்கோ, மச்சாளும் கேட்டவா, அவவுக்கு நாலு, அவவுக்கு உறைப்புக் கூடாது...” பின்னால் குக்கர் விசில். நாலும் பத்துக்குள்ளேயா, பத்துக்கு வெளியேயா? சொன்னவருக்குத் தெரியும். நீங்கள் மூன்று தரம் திருப்பிக் கேட்டிருப்பீர்கள், மூன்று தரமும் பதினாலு என்றே கேட்டிருக்கும்.

வொய்ஸ் மெசேஜ் சொல்கிறவருக்கு வசதி, கேட்கிறவருக்கு வேலை. எழுத்தில் வந்த ஓடரை ஒரு தரம் பார்த்தால் எண் கண்ணில் படும். வொய்ஸ் என்றால் மூன்றாவது நிமிடத்தில் வருகிற எண்ணைப் பிடிக்க முதல் இரண்டு நிமிடத்தையும் கேட்டாக வேண்டும். போன தைப்பொங்கலுக்கு இந்த அக்கா எத்தனை கிலோ எடுத்தவர் என்று தேட நினைத்தால், எழுத்தில் இருப்பது இரண்டு சொல் அடித்ததும் வந்துவிடும். வொய்ஸில் இருப்பதைத் தேடிப் பிடிக்க முடியாது.

அதற்காக வாடிக்கையாளரிடம் ‘வொய்ஸ் அனுப்பாதீர்கள்’ என்று சொல்லாதீர்கள். எழுபது வயது அம்மாவுக்குத் தமிழ் விசைப்பலகையில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று தெரியாது. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற பிள்ளைக்கு எழுதக் கை இல்லை. அவர்கள் சொல்கிறபடி சொல்லட்டும். எழுதுவது உங்கள் பொறுப்பு. கேட்டு முடித்த கையோடு இப்படி ஒன்று அனுப்புங்கள்:

“அக்கா, உங்கள் ஓடர் எனக்கு விளங்கியபடி:
மிளகாய்த்தூள் மொத்தம் 10 கிலோ. அதில் 6 சாதாரணம், 4 உறைப்புக் குறைவு.
வடை 200.
பார்சல் கொடுக்கிற நாள் 18ஆம் திகதி.
சரியென்றால் ‘ஓம்’ என்று எழுதுங்கள். அது வந்த பிறகுதான் மிளகாய் வறுப்போம்.”

‘மொத்தம்’ என்ற அந்த ஒரு சொல் உங்கள் நாலு கிலோவைக் காப்பாற்றியிருக்கும். கடைசி வரியும் முக்கியம். அது இல்லாவிட்டால் நீலச் சரி இரண்டையும் பார்த்துவிட்டு ‘அக்கா பார்த்துவிட்டார், சரிதான்’ என்று நீங்கள் சட்டியை அடுப்பில் வைத்துவிடுவீர்கள். நீலச் சரி விழுந்தால் செய்தி அவருடைய திரையில் திறந்தது என்று மட்டும் பொருள். பஸ்ஸுக்குள் நின்றபடி திறந்து, வாசிக்காமலே மூடியிருக்கலாம். பேரன் போனை வாங்கித் திறந்திருக்கலாம். சிலர் அந்த நீலத்தையே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

வட்ஸ்அப்பில் எழுதியது கல்வெட்டு என்றும் நினைக்க வேண்டாம். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், திருத்தியது என்று ஓர் அடையாளம் மட்டும் பக்கத்தில் விழும். இரண்டு நாள் வரை எல்லோருக்கும் அழிக்கலாம். இரண்டு பேரில் யாராவது ‘மறையும் செய்திகள்’ என்பதைப் போட்டு வைத்திருந்தால் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ அது தானாகவே போய்விடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் யாருடைய உரையாடலிலாவது அது போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ‘ஓம்’ வந்ததும் ஓடரை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். கணினி சொல்லிக்கொடுக்கிறவன் கொப்பி வாங்கச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். கொப்பிக்கு சார்ஜ் இறங்காது.

சரி, பொதுவாக எதற்கு எது என்று கேட்டீர்கள். நான் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டுக்கொள்வேன். பதில் எவ்வளவு நேரத்தில் வேண்டும்? மூன்று மாதம் கழித்து இதை எடுத்துக் காட்ட வேண்டி வருமா? உடனே வேண்டும், காட்டத் தேவையில்லை என்றால் கோல். காட்ட வேண்டி வரும், அவசரம் இல்லை என்றால் ஈமெயில். அவசரமும் உண்டு, காட்டவும் வேண்டும் என்றால் கோல் எடுத்துக் கதைத்துவிட்டு, கதைத்ததை எழுதி அனுப்புவேன். இடைப்பட்டதெல்லாம் வட்ஸ்அப்பில் போகலாம். உங்களுடைய மூன்று பிரச்சினையும் வட்ஸ்அப்பால் வந்தவை இல்லை. மூன்று வேறு வேலையை ஒரே சட்டியில் போட்டதால் வந்தவை.

இந்தக் கணக்கை நானும் பட்டுத்தான் படித்தேன். முன்பு நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில், மறுநாள் காலை நடக்க இருந்த கூட்டம் தள்ளிப்போனது. பின்னேரம் நாலு மணிக்கு எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் நெடுந்தீவில் இருந்து ஒரு பெரியவர், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளை வேட்டியோடு வாசலில் நிற்கிறார். விடியப் படகு ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்திருக்கிறார். ஈமெயில் முகவரி அவருடையதல்ல, மகனுடையது. மகன் கிழமைக்கு ஒருக்கால் பார்க்கிறவன். திரும்பிப் போகிற படகுக்கு நேரம் கிடந்தது. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அவரோடு இருந்தேன். அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. முப்பது வினாடிக் கோல் ஒன்று போதுமாக இருந்தது. அன்றிலிருந்து, 24 மணி நேரத்துக்குள் நடக்கப்போகிற எதையும் நான் ஈமெயிலில் மட்டும் சொல்வதில்லை.

இப்போது அண்ணாவின் விசயம். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று கடிதத்தில் இல்லை, ஆனால் வேலிச் சண்டைகள் எப்படி வளரும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடுகு வேலியை எடுத்து மதில் கட்டலாமா என்று ஒருவர் கேட்டிருப்பார், மற்றவர் ‘உங்கட விருப்பம்’ என்று போட்டிருப்பார். ‘உங்கட விருப்பம்’ என்பதை வாயால் சொல்லிப் பாருங்கள். அன்பாகவும் சொல்லலாம், அலுப்பாகவும் சொல்லலாம், ‘எக்கேடு கெட்டும் போ’ என்கிற மாதிரியும் சொல்லலாம். குரலில் அது தெரியும். திரையில் எழுத்து மட்டும்தான் இருக்கும், வாசிக்கிறவர் அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறாரோ அந்தக் குரலில் வாசிப்பார். வேலை முடிந்து களைத்து வந்த அண்ணா அதைக் கோபத்தில் வாசித்திருப்பார். பின்னால் போட்ட முற்றுப்புள்ளிகூடச் சிலருக்குக் கோபமாகத் தெரியும்.

மனத்தாங்கல் வரக்கூடிய எதையும் எழுதாதீர்கள், கதையுங்கள். ஒரே விசயம் மெசேஜில் மூன்று தரம் போய் வந்தும் முடியவில்லை என்றால், நாலாவது தரம் எழுத வேண்டாம், கோல் எடுங்கள். அண்ணாவுக்கு வீடியோ கோலே எடுக்கலாம். போனைக் கொண்டுபோய் வேலியைக் காட்டுங்கள். எந்தக் கதியால் சரிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் எதுவரை கல் பறித்திருக்கிறார் என்று கண்ணால் கண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். வீடியோ கோலை நான் வேறு எதற்கும் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை. முகம் பார்க்க ஆசைப்படுகிற அம்மாவுக்கும், ஒரு பொருளையோ இடத்தையோ காட்டுவதற்கும் நல்லது. மற்றபடி டேட்டாவைத் தின்னும்.

நேரத்தையும் பாருங்கள். சுவிஸ் நம்மைவிட குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. லண்டன் ஐந்தரை அல்லது நாலரை. ரொறன்ரோ பத்தரை அல்லது ஒன்பதரை. நம்முடைய காலை எட்டு மணிக்கு நீங்கள் கோல் எடுத்தால் ரொறன்ரோ அக்காவுக்கு முன்னிரவு. நம்முடைய பகல் ஒரு மணிக்கு எடுத்தால் அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். நம்மவர்களுக்கு நடுச்சாமக் கோல் என்றால் ஒரே அர்த்தம்தான். தந்திக்காரனைப் படலையில் கண்டதுமே, வாசிக்க முன்னம் அழத் தொடங்கின தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். அதனால் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க முன் ‘இப்ப கதைக்கலாமா? வேலி விசயம், அவசரம் இல்லை’ என்று ஒரு வரி போடுங்கள். ‘அவசரம் இல்லை’ என்பதை மறக்க வேண்டாம். அது இல்லாமல் ‘உங்களோடு ஒன்று கதைக்க வேணும்’ என்று மட்டும் போட்டால், மனிதர் வேலை முடியும் வரை நெஞ்சிடியோடு இருப்பார்.

இன்னொன்று. காணியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணா மெசேஜில் எழுதியிருந்தால், அதை அற்றோர்னித் தத்துவம், அதாவது அவருக்காக நீங்கள் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், என்று எண்ணிவிடாதீர்கள். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னஞ்சல், மின்னணு ஆவணம் போன்றவற்றுக்குச் சட்ட ஏற்பைக் கொடுத்திருக்கிறது. உங்கள் ஓடருக்கும் விலைமனுவுக்கும் அது நல்ல செய்தி. ஆனால் அசையாச் சொத்தை விற்பது, மரண சாசனம், அற்றோர்னித் தத்துவம், நம்பிக்கைப் பொறுப்பு ஆகியவற்றை அந்தச் சட்டமே தனக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. அவை முறைப்படி கையெழுத்தோடு காகிதத்தில் வர வேண்டும். மதில் கட்டுவதற்கு முன் அண்ணாவிடம் சம்மதம் கேளுங்கள். காணி கைமாறுகிற கதை வந்தால் நொத்தாரிசிடம் போங்கள்.

இனி அலுவலகத்து விலைமனு. தெரிந்தவரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியது உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்தது. அலுவலகத்தின் பக்கம் இருந்து பாருங்கள். அது ஒரு தனி மனிதருடைய கைத்தொலைபேசி. அதற்குள் அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் படம், கோயில் நிர்வாகசபை குழு, பழைய மாணவர் சங்கம், காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூக்கள் எல்லாம் இருக்கும். அதற்கு நடுவில் உங்கள் விலைமனு. அவர் விடுமுறையில் போனால் அதுவும் விடுமுறையில் போகும். அவர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனால் அதுவும் வவுனியா போகும். அலுவலகத்தின் ஈமெயிலுக்கு வந்தது அலுவலகத்தில் இருக்கும். யார் கதிரையில் வந்து இருந்தாலும் திறக்கலாம், அச்சடித்துக் கோப்பில் போடலாம், இத்தனையாம் திகதி இத்தனை மணிக்கு வந்தது என்று காட்டலாம். அவர்கள் ஈமெயில் கேட்பது உங்களை அலைக்கழிக்க இல்லை. நாளைக்குக் கணக்காய்வு வந்தால் அவர்கள் காட்ட வேண்டியது அதைத்தான்.

எப்படி அனுப்புவது? முதலில் தொழிலுக்கென்று ஒரு தனி முகவரி திறவுங்கள். செல்லப் பெயரும் பிறந்த வருடமும் கலந்த பழைய முகவரி வேண்டாம். பொருள் வரியை வெறுமையாக விடாதீர்கள். ‘விலைமனு’ என்று மட்டும் போட்டால் அன்றைக்கு அவர்களுக்கு வந்த பத்து விலைமனுவில் உங்களுடையது எது என்று தெரியாது. ‘விலைமனு: மிளகாய்த்தூள், அரிசிமா – சுன்னாகம்’ என்று போடுங்கள், அவர்கள் கேட்ட கடிதத்துக்கு இலக்கம் இருந்தால் அதையும் சேருங்கள். விலைமனுவைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், பிடிஎஃப் ஆக இணையுங்கள். ஈமெயிலுக்குள் நாலு வரி போதும்: யார், என்ன இணைத்திருக்கிறேன், விலை எத்தனையாம் திகதி வரை செல்லும், தொடர்பு எண். ஒரு ஈமெயிலில் ஒரு விசயம்தான். விலைமனுவோடு போன மாதத்து நிலுவைக் காசையும் கேட்டால், இரண்டில் ஒன்றுக்குத்தான் பதில் வரும். எது வராது என்று உங்களுக்கே தெரியும்.

அனுப்பிய மறுநாள் காலை, கந்தோர் திறந்து சற்று நேரம் விட்டு, அலுவலகத்தின் 021 இலக்கத்துக்கு ஒரு கோல். ‘நேற்று விலைமனு ஒன்று ஈமெயிலில் அனுப்பினேன், கிடைத்ததா?’ அவ்வளவுதான். ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்திருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். ஈமெயில் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது, கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தபால்காரனை நம்புவது போலத்தான். பெரும்பாலும் போய்ச் சேரும், ஆனால் விலைமனுவுக்குப் பெரும்பாலும் என்பது போதாது. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பிக்கு மேல் போகாது. உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. வீடியோ அனுப்ப நினைத்தால் மட்டும் நினைவில் வையுங்கள்.

வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே விலைப்பட்டியலை அனுப்புகிற நாளில், எல்லா முகவரியையும் ‘பெறுநர்’ இடத்தில் போடாதீர்கள். ஒருவருடைய முகவரி மற்ற நாற்பது பேருக்கும் தெரியும். மறை நகல் (Bcc) என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போடுங்கள். வட்ஸ்அப்பிலும் இதே கதைதான். வாடிக்கையாளரைச் சேர்த்துக் குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் போகும், ஒருவர் ‘இந்த முறை வடை கொஞ்சம் எண்ணெய்’ என்றால் அதை எல்லோரும் வாசிப்பார்கள். குழுவுக்குப் பதில் பிரோட்காஸ்ட் பட்டியல் செய்யுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். எனவே பார்சலுக்குள் வைக்கிற துண்டில் ‘இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்’ என்று அச்சடியுங்கள்.

உங்களோடு வேலை செய்கிற நாலு பேருக்கும் ஒரு குழு இருக்கட்டும், ஆனால் அது வேலைக்கு மட்டும். நாளைக்கு யார் எத்தனை மணிக்கு வருவது, எந்த ஓடர் முதலில், அவ்வளவே. பூப்புனித நீராட்டு விழாப் படத்துக்கு இன்னொரு குழு திறவுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு வேலைக் குழுவில் எழுத மாட்டேன் என்று முதலாளி நீங்கள்தான் முதலில் நடந்து காட்ட வேண்டும். நினைவு வந்ததும் எழுதாவிட்டால் மறந்துவிடும் என்றால், கொப்பியில் எழுதிவைத்துக் காலையில் அனுப்புங்கள்.

எஸ்எம்எஸ்ஸை இப்போது யாரும் மதிப்பதில்லை. வங்கியும் விளம்பரக்காரரும் மட்டும் வருகிற இடம் என்று ஆகிவிட்டது. நான் இன்னும் அதைக் கைவிடவில்லை. டேட்டா வேண்டாம், ரீலோட் போட்ட எந்தப் பட்டன் போனிலும் விழும். பார்சலை எடுத்துப் போகிற ஓட்டோக்கார அண்ணரிடம் ஸ்மார்ட் போன் இல்லை என்றால் ‘நாளை காலை 9க்கு வாங்கோ, 2 பெட்டி’ என்று எஸ்எம்எஸ் போடுங்கள். அவரும் நாலு பேரிடம் கேட்டு அலையத் தேவையில்லை.

தமிழில் எழுதும்போது ஒரு சங்கதி. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட் அளவு பெட்டி. ஆங்கில எழுத்து 160 அதற்குள் அடங்கும். தமிழ் 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. ‘யாழ்ப்பாணம்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. போனுக்கு அது பதினொன்று. அரவும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. எழுபதைத் தாண்டினால் 67, 67 ஆக வெட்டி இரண்டு மூன்று எஸ்எம்எஸ் ஆக்கி அனுப்பும், காசும் அப்படியே எடுக்கும். இதற்குப் பயந்துதான் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினார்கள். அங்கே பழமும் பலமும் பாலமும் ஒரே மாதிரி இருக்கும். கல்லும் கள்ளும் ஒன்றாகிவிடும். வியாபாரத்தில் அது வேண்டாம். தமிழிலேயே சுருக்கமாக எழுதுங்கள். எண்களை எண்களாகவே போடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸையும் சாதாரணக் கோலையும் கைவிடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி என்று இந்த நாட்டில் சமூக வலைத்தளங்களை அரசு தடுத்து வைத்த நாட்கள் உண்டு. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி உலகம் முழுக்க வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஆறு மணி நேரம் அளவில் படுத்துக் கிடந்தன. அப்படி ஒரு நாளில் உங்கள் பார்சல் கட்டுநாயக்காவில் நின்றால் யாருக்கு எப்படிச் சொல்வீர்கள்? வாடிக்கையாளரின் பெயர், கோல் எடுக்கக்கூடிய எண், ஈமெயில் மூன்றையும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். யுத்த காலத்தில் நிவாரணக் கப்பலில் வந்த செஞ்சிலுவைச் சங்கத் தாளில் நாலு வரி எழுதிப் பிள்ளைகளின் சுகம் அறிந்த ஊர் இது. ஒரே வழியை நம்பி இருக்கக்கூடாது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.

காசு விசயத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். ‘எங்கள் வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது, இனி இதற்குப் போடுங்கள்’ என்று சரக்குத் தருகிறவரிடம் இருந்து ஈமெயிலோ வட்ஸ்அப்போ வந்தால், அதே இடத்தில் பதில் எழுதி உறுதிப்படுத்தாதீர்கள். அவருடைய கணக்கைத் திருடியவன்தான் அந்தப் பக்கம் இருந்தால் ‘ஓம், உண்மைதான்’ என்றுதானே எழுதுவான்? ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற பழைய எண்ணுக்குக் கோல் எடுத்து, குரலைக் கேட்ட பிறகு போடுங்கள். அதே மாதிரி, ‘தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கோ’ என்று தெரிந்தவர் பெயரில் வந்தாலும் கொடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் உங்கள் வட்ஸ்அப்பைத் தூக்குகிற வேலை. வட்ஸ்அப் அமைப்புக்குள் போய் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், அது நீங்களே வைக்கிற ஓர் இரகசிய எண். இரண்டு நிமிட வேலை. வங்கி அனுப்பும் ஓடிபியை, அதாவது ஒரு தரம் மட்டும் செல்லும் குறியீட்டைக் கேட்டு வங்கியே கோல் எடுக்காது.

வட்ஸ்அப் மாதிரியே இன்னொரு செயலியான வைபரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சுவிஸ், லண்டன்காரர் சிலர் இன்னும் அதில்தான் இருப்பார்கள். அவர் எதில் இருக்கிறாரோ அதில் கதையுங்கள், ஓடரை மட்டும் ஒரே இடத்தில் உறுதிப்படுத்துங்கள். பாதி ஓடர் வைபரில், மீதி வட்ஸ்அப்பில் என்றால் கொப்பியும் உங்களைக் காப்பாற்றாது.

அடுப்பும் கொதிக்கிற எண்ணெயும் உள்ள இடம் என்பதால் ஒன்று. யாருக்காவது கையில் எண்ணெய் கொட்டினால் குழுவில் படம் போட்டு ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நோயாளர் காவுவண்டிக்கு 1990, பொலிஸுக்கு 119. இரண்டையும் பெரிதாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். போன் எடுத்துக் கதைக்கிற வேலை அது.

கடைசியாக, கிடக்கிற நாலு கிலோ. பிழை உங்களுடையதா, அக்காவுடையதா என்று வழக்காடினால், திருப்பி எழுதி உறுதிப்படுத்தாத பிழை உங்கள் பக்கம் இருக்கிறது என்றுதான் நான் சொல்லுவேன். அதைச் சொல்வதற்கும் மெசேஜ் வேண்டாம். இன்றிரவு எட்டரை மணிக்கு எடுங்கள், அங்கே கோடையில் காலை பதினொரு மணி, குளிர்காலத்தில் காலை பத்து மணி. ‘அக்கா, பத்துக்குள்ளே நாலு என்பதை நான் பத்தும் நாலும் என்று விளங்கிவிட்டேன், நான்தான் கேட்டிருக்க வேணும்’ என்று சொல்லுங்கள். கிடப்பது சாதாரணத் தூள் என்றால், அக்காவுக்கும் மச்சாளுக்கும் அங்கே சொந்தம், சிநேகிதர் என்று நாலு பேர் இருப்பார்கள். அடுத்த பார்சலில் இது போகுமா என்று கேட்டுப் பாருங்கள். ‘ஓம்’ என்றால், போனை வைத்த கையோடு அதை எழுதி அனுப்பிவிடுங்கள்: மொத்தம் 4 கிலோ, சாதாரணம், விலை இவ்வளவு, இத்தனையாம் திகதி.